புதுச்சேரி ரயில் நிலையம்

புதுச்சேரி ரயில் நிலையம் தெற்கு ரயில்வேயின் திருச்சிராப்பள்ளிக் கோட்டத்தைச் சேர்ந்த ஒரு முனைய நிலையம். இதன் நிலையக் குறியீடு பி.டி.ஒய். விழுப்புரம் சந்திப்பிலிருந்து கிழக்கே பிரிந்து வரும் சுமார் 38 கிலோமீட்டர் நீளமுள்ள கிளைப்பாதை இங்கே முடிகிறது. பாதை 1879 டிசம்பரில் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்டது. 2004-இல் அகலப்பாதையாக மாற்றப்பட்டது. வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் ஆகியவை இடைப்பட்ட நிலையங்கள்.

பெரிய நிலையம் அல்ல. ஆனால் இந்தியாவில் வேறு பல கிளைப்பாதைகளுக்கு இல்லாத ஒரு வரலாறு இதற்கு உண்டு. ஏறத்தாழ எழுபது ஆண்டு காலம் இந்தப் பாதையில் ஒரு முனை ஆங்கிலேயர் ஆட்சியிலும் மறுமுனை பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலும் இருந்தது. அந்தப் பழைய எல்லை போட்ட கோடுதான் இன்றும் புதுச்சேரி மக்களின் ரயில் பயணத்தைத் தீர்மானிக்கிறது என்பதே இக்கட்டுரையில் விளக்கப்படும் செய்தி.

அமைவிடம்

நிலையம் நகரின் தென்பகுதியில், பழைய தெற்கு புல்வார் எனப்படும் சுப்பையா சாலையில் உள்ளது. அருகிலேயே இருதய ஆண்டவர் பேராலயம் இருக்கிறது. கடற்கரைச் சாலைக்கு நடந்தே போய்விடலாம். ஊர்ப் பெரியவர்கள் இன்றும் நிலையத்தை "ரயிலடி" என்றே சொல்வார்கள்.

நிலையத்தை விட்டுப் புறப்படும் வண்டி கடலைப் பின்னால் விட்டு மேற்கே திரும்புகிறது. முதலியார்பேட்டையில் கடலூர் சாலையைக் குறுக்காகக் கடக்கிறது. நெல்லித்தோப்புக்குத் தெற்கே ஓடி, அரும்பார்த்தபுரத்தைத் தாண்டி, சுமார் 10 கிலோமீட்டரில் வில்லியனூரை அடைகிறது. இரவில் ஊர் அடங்கியபின் நெல்லித்தோப்பு வீடுகளுக்கு ரயிலின் ஊதல் ஒலி தெளிவாகக் கேட்கும். கடிகாரம் பார்க்காமல் நேரம் சொன்ன தலைமுறை ஒன்று எங்கள் தெருக்களில் இருந்தது.

வில்லியனூர் புதுச்சேரி மாநிலத்தைச் சேர்ந்தது. சின்னபாபுசமுத்திரமும் வளவனூரும் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. இந்த வேறுபாட்டை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய எல்லை இவற்றுக்கு இடையில்தான் இருந்தது.

பாதை ஏன் போடப்பட்டது

1874-இல் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே, கர்நாடிக் ரயில்வே ஆகிய இரண்டு நிறுவனங்கள் இணைந்து தென்னிந்திய ரயில்வே உருவானது. அந்நிறுவனம் சென்னையிலிருந்து தெற்கே தூத்துக்குடி நோக்கிப் பாதை போட்டது. செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று அந்தப் பாதை சென்றது.

இங்கே வரைபடம் ஒன்றை விரித்துப் பார்ப்பது நல்லது. திண்டிவனத்திலிருந்து கடலூருக்கு நேராகக் கோடு போட்டால் அது புதுச்சேரியை ஒட்டித்தான் போகும். ஆனால் ரயில் பாதை அப்படிப் போகவில்லை. திண்டிவனத்திலிருந்து தென்மேற்காக உள்ளே திரும்பி விழுப்புரம் போய், பிறகு மீண்டும் கடற்கரைப் பக்கம் வந்து கடலூரைத் தொடுகிறது. புதுச்சேரியைச் சுற்றி ஒரு வளைவு போட்டதுபோல் இருக்கும். சென்னைக்கும் தென்கோடிக்கும் இடையே தபாலும் படையும் செல்லும் முதன்மைப் பாதையை அயல்நாட்டு மண் வழியாகக் கொண்டுபோக எந்த அரசும் தயங்கும். விழுப்புரம் வழியாகச் சென்றதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனாலும் வளைவின் பலன் ஒன்றுதான்: பிரெஞ்சிந்தியாவின் தலைநகரம் முதன்மைப் பாதைக்கு வெளியே நின்றுவிட்டது.

அந்நாளில் புதுச்சேரி நல்ல வணிகத் துறைமுகம். கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். படகுகளில் சரக்கு ஏற்றி இறக்குவார்கள். 1866-இல் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் ஒன்று கட்டப்பட்டது. 1952 புயலில் அழிந்த அந்தப் பாலத்தின் தூண்களை இன்றும் காணலாம். இங்கிருந்து ஆப்பிரிக்காவின் செனகலுக்கு நீலத்துணி போனது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காடு மாவட்டத்து நிலக்கடலை பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்கு எண்ணெய் பிழியப் போனது. நிலக்கடலை விளைந்தது பெரும்பாலும் ஆங்கிலேயர் நிலத்தில். கப்பல் ஏறியது பிரெஞ்சுத் துறைமுகத்தில். மாட்டு வண்டியில் மூட்டைகள் வந்துகொண்டிருந்த வழிக்கு ஒரு ரயில் தேவைப்பட்டது. விழுப்புரத்தில் முதன்மைப் பாதை வந்த பிறகு, அங்கிருந்து ஒரு கிளை இழுப்பதுதான் எளிய வழி.

இரண்டு அரசு, ஒரு தண்டவாளம்

பாதையின் பெரும்பகுதி ஆங்கிலேயர் எல்லைக்குள் இருந்தது. கிழக்குக் கடைசியில் சுமார் 8 மைல், அதாவது ஏறத்தாழ 12.6 கிலோமீட்டர், பிரெஞ்சு மண்ணில் இருந்தது. பிரெஞ்சுப் பகுதிக்கு உரிமையாளர் புதுச்சேரி ரயில்வே நிறுவனம். பெயரைப் பார்த்து உள்ளூர் நிறுவனம் என்றோ பிரெஞ்சு நிறுவனம் என்றோ எண்ணிவிடக் கூடாது. அது இலண்டனில் பதிவான ஆங்கில நிறுவனம். வண்டிகளை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. எனவே பிரெஞ்சுக் குடியேற்ற அரசின் நிலத்தில், இலண்டன் நிறுவனத்துக்குச் சொந்தமான தண்டவாளத்தில், ஆங்கிலேய இந்திய ரயில்வேயின் வண்டி ஓடியது.

இதனால் ஒரு வசதி கிடைத்தது. எல்லையில் என்ஜின் மாற்ற வேண்டியதில்லை, பெட்டி மாறி ஏற வேண்டியதில்லை. இரண்டு பகுதிகளிலும் தண்டவாள அகலம் ஒன்றே, அதாவது 1,000 மில்லிமீட்டர். ஓட்டுநர், கார்டு, பயணச்சீட்டு எல்லாம் ஒரே நிர்வாகத்தினுடையவை.

இது உலகில் வேறெங்கும் இல்லாத ஏற்பாடு அல்ல. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பாடிஷர் பான்ஹோப் என்ற நிலையம் உள்ளது. நிலம் சுவிட்சர்லாந்துடையது, நிலையத்தை நடத்துவது ஜெர்மனி ரயில்வே. பாடன் அரசுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் 1852-இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தால் வந்தது அது. நடைமேடையிலிருந்து நகருக்குள் வருபவர் சுங்கச் சாவடியைத் தாண்டித்தான் வர வேண்டும். புதுச்சேரிக்கும் பாசெலுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பாசெல் எல்லை வெவ்வேறு அரசுகளைக் கொண்ட சமமான நாடுகளுக்கு இடையே இருந்தது. இங்கே எல்லையின் இரு புறமும் ஒரே தமிழர்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவினர்கள். இரு புறமும் ஆண்டவர்கள்தான் வெளியார்.

பிரெஞ்சு எல்லை நேரான கோடாகவும் இருக்கவில்லை. புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லாமல் திட்டுத்திட்டாக, நடுவில் ஆங்கிலேயர் ஊர்கள் புகுந்து கிடந்தது. இன்றும் புதுச்சேரியிலிருந்து பாகூருக்கோ திருக்கனூருக்கோ பேருந்தில் போகிறவர்கள் இதைப் பார்க்கலாம். இத்தகைய எல்லையில் ஒவ்வொரு மாட்டு வண்டித் தடத்தையும் காவல் காப்பது கடினம். தண்டவாளத்தைக் காவல் காப்பது எளிது, ஏனென்றால் வழி ஒன்றுதான். வண்டி நிற்கும் இடத்தில் சுங்கக்காரர் ஏறினால் போதும். ரயிலில் வந்தவர்களுக்கு எல்லை என்பது பையைத் திறந்து காட்டும் இடமாகவே நினைவில் நின்றது.

பயணம் செய்தவர்களும் கண்காணித்தவர்களும்

1908-இல் ஆங்கில அரசின் கைது நடவடிக்கையிலிருந்து தப்பிச் சுப்பிரமணிய பாரதி புதுச்சேரிக்கு வந்தார். 1910-இல் அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் வந்தார்கள். அரவிந்தர் வந்தது கப்பலில், ஏப்ரல் 4 அன்று. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் ரயில் பெட்டிக்குள் ஆஷ் துரை சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, வாஞ்சிநாதனுக்கும் புதுச்சேரிக்கும் இருந்த தொடர்பை ஆங்கிலேய போலீஸ் துருவியது. ஊருக்குள் அவர்களுக்குக் கைது செய்யும் அதிகாரம் இல்லை. ஆனால் மாற்றுடையில் ஒற்றர்களை வைக்கத் தடை ஏதும் வேலை செய்யவில்லை. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்க்க ரயிலடியைவிட வசதியான இடம் எது?

பாரதி பத்தாண்டு கழித்து 1918 நவம்பரில் பிரெஞ்சு எல்லையைத் தாண்டியதும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார் என்பது பாடநூலில் உள்ளது. அந்த எல்லை எவ்வளவு அருகில் இருந்தது என்பது பாடநூலில் இல்லை. புதுச்சேரியில் ரயில் ஏறினால் அரைமணிக்குள் கடந்துவிடும் தூரம் அது.

பிற்காலத்தில் அன்னை என அழைக்கப்பட்ட மிரா அல்பாசா 1914 மார்ச் 29 அன்று முதன்முதலாகப் புதுச்சேரிக்கு வந்தது ரயிலில்தான். கொழும்பு வரை கப்பல், அங்கிருந்து தனுஷ்கோடி வழி ரயில், விழுப்புரத்தில் வண்டி மாற்றம், பிறகு புதுச்சேரி. அவ்வாண்டு பிப்ரவரியில்தான் தனுஷ்கோடி வழியாக இலங்கைக்கான போட் மெயில் இணைப்பு தொடங்கியிருந்தது. சிறு கிளைப்பாதை என்றாலும் கொழும்புத் துறைமுகம் வரை அதற்குத் தொடர்பு இருந்தது.

வந்து இறங்கியவர்களை ஊருக்குள் கொண்டுசென்றது புதுச்சேரிக்கே உரிய புஷ் வண்டி. முன்னால் மாடோ குதிரையோ இல்லை. பின்னாலிருந்து ஓர் ஆள் தள்ளுவார், உட்கார்ந்திருப்பவர் முன்னால் உள்ள பிடியைத் திருப்பி வழி காட்டுவார்.

பஞ்சாலைகள்

ரயிலுக்கும் ஆலைக்கும் உள்ள உறவை நிலையத்தைச் சுற்றி ஒரு சுற்று நடந்தாலே புரிந்துகொள்ளலாம். சவானா, ரோடியர் ஆகிய பெரிய பஞ்சாலைகள் முதலியார்பேட்டைப் பக்கம், பாதைக்கு அருகிலேயே அமைந்தன. ரோடியர் ஆலைதான் பின்னர் ஏ.எஃப்.டி. என்று எல்லாரும் அறிந்த ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ். பஞ்சும் நிலக்கரியும் உள்ளே வரவேண்டும், துணி வெளியே போக வேண்டும். தொழிலாளர்களில் பலர் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள்.

1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தத்தில் இருந்த தொழிலாளர் மீது பிரெஞ்சுப் படையினர் சுட்டதில் 12 பேர் இறந்தனர். அந்தப் போராட்டத்தைத் தொடர்ந்து பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. தொழிலாளர்களை வழிநடத்திய வ. சுப்பையாவின் பெயரைத்தான் நிலையம் உள்ள சாலை இன்று தாங்கியிருக்கிறது. ரயிலைப் பிடிக்க ஓடும் அவசரத்தில் பெயர்ப்பலகையை யாரும் படிப்பதில்லை.

1949 முதல் 1954 வரை

1941-இல் ஆங்கிலேய இந்தியாவுக்கும் பிரெஞ்சிந்தியாவுக்கும் இடையே சுங்க உடன்பாடு ஒன்று ஏற்பட்டிருந்தது. அது இருந்தவரை எல்லைச் சோதனை தளர்ந்திருந்தது. இந்தியா விடுதலை பெற்ற பின், 1949 ஏப்ரல் முதல் அந்த உடன்பாடு முடிவுக்கு வந்தது. உடனே எல்லை உண்மையான எல்லையாக மாறியது. புதுச்சேரித் துறைமுகத்தில் வந்திறங்கிய வெளிநாட்டுக் கைக்கடிகாரமும் தங்கமும் கள்ளத்தனமாக உள்ளே போகாமல் தடுக்க இந்தியச் சுங்கத்துறை கடுமை காட்டியது. அதில் சாதாரண மக்கள்தான் அதிகம் அவதிப்பட்டார்கள். அடுத்த ஊர்ச் சந்தைக்குக் காய்கறியும் நெல்லும் கொண்டுபோகிறவர்களுக்கும் சோதனை வந்தது.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 உறுப்பினர்களில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16. இதற்கு முன்பே, 1944-இல் தென்னிந்திய ரயில்வே அரசுடைமையாகியிருந்தது. 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வே அமைக்கப்பட்டிருந்தது. ஆகவே எல்லை மறைந்தபோது புதுச்சேரி நிலையம் சுதந்திர இந்தியாவின் ஒரு ரயில்வே மண்டலத்தில் சாதாரண முனையமாகச் சேர்ந்துகொண்டது.

பையைத் திறந்து காட்டும் வழக்கம் மட்டும் முற்றிலும் போகவில்லை. புதுச்சேரியில் மதுவின் விலை குறைவு என்பதால், தமிழ்நாட்டு மதுவிலக்குப் போலீசார் அவ்வப்போது பயணிகளின் பைகளைப் பார்ப்பது இன்றும் உண்டு.

ஒற்றைப் பாதையில் வண்டிகள் எப்படி ஓடுகின்றன

விழுப்புரம்–புதுச்சேரி ஒற்றைத் தடம். எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால் இடையில் உள்ள ஒரு நிலையத்தில் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். இதை "கிராசிங்" என்பார்கள். வண்டி காரணமில்லாமல் நிற்கிறதே என்று பயணி எரிச்சல்படும்போது பெரும்பாலும் நடப்பது இதுதான்.

மீட்டர் பாதைக் காலத்தில் இதற்கு ஒரு தெளிவான முறை இருந்தது. இரண்டு நிலையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை ஒரு "பிளாக்" என்று கொள்வார்கள். ஒரு பிளாக்கில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்கு மட்டுமே இடம். அதற்கு அடையாளமாக ஓர் இரும்புக் குண்டு டோக்கனாக வழங்கப்படும். இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைக்கப்பட்ட கருவிகள் இருக்கும். அடுத்த நிலைய அதிகாரி ஒப்புதல் தந்தால்தான் இங்குள்ள கருவியிலிருந்து குண்டு வெளியே வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அது மறுபடி கருவிக்குள் போடப்படும் வரை இரண்டு பக்கமும் இன்னொரு குண்டு வராது. குண்டைத் தோல்பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் கட்டி ஓட்டுநரிடம் கொடுப்பார்கள். நிற்காமல் போகும் வண்டி என்றால் வளையத்தை உயர்த்திப் பிடித்து நிற்பார் ஊழியர். என்ஜினில் இருப்பவர் கையை நீட்டி வளையத்தை மாட்டிக்கொள்வார். குண்டு கையில் இல்லாமல் கைகாட்டி இறங்கினாலும் வண்டி புறப்படக் கூடாது. மனிதத் தவறுக்கு இடம் கொடுக்காத, எளிய, அழகான ஏற்பாடு. இன்றைய மின்னணு முறைகளை மாணவர்களுக்கு விளக்க முதலில் இந்தக் குண்டைச் சொல்லித் தருவதே சிறந்த வழி என்பது என் எண்ணம். வண்ண விளக்குகளும் கணினித் திரையும் வந்த பிறகும் விதி மாறவில்லை: ஒரு பிளாக், ஒரு வண்டி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 38 கிலோமீட்டரை ஒரு வண்டி 45 நிமிடத்தில் கடக்கிறது என்று கொள்வோம். இடையில் ஒதுங்க நிலையமே இல்லை என்றும், ஒரு வண்டி போய்ச் சேர்ந்து அடுத்ததற்கு வழிவிட 5 நிமிடம் ஆகும் என்றும் கொள்வோம். ஒரு வண்டிக்கு 50 நிமிடம். ஒரு நாளில் 1,440 நிமிடம். வகுத்தால் 28 வண்டிகள், அதாவது போக 14, வர 14. பாதைப் பராமரிப்புக்குச் சில மணி நேரம் ஒதுக்கினால் இன்னும் குறையும். இடையில் ஒதுங்கும் நிலையங்கள் இருந்தால் இந்த எண்ணிக்கை கூடும். வில்லியனூர் போன்ற சிறு நிலையத்தின் மதிப்பு அங்கே ஏறி இறங்கும் பயணிகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை என்பதை இந்தக் கணக்கு காட்டும்.

முனைய நிலையத்துக்கே உரிய இன்னொரு வேலை உண்டு. வந்த வண்டி அதே வழியில்தான் திரும்ப வேண்டும். என்ஜின் முன்னால் இருக்கிறது, முன்னால் பாதை இல்லை. எனவே என்ஜினைக் கழற்றி, பக்கத்துத் தடம் வழியாகப் பின்பக்கம் கொண்டுவந்து மாட்ட வேண்டும். இதற்குப் பாயிண்ட்ஸ்மேன், நேரம், காலியான தடம் மூன்றும் வேண்டும். விழுப்புரத்துக்கு இன்று ஓடும் மெமு வண்டிகளில் இந்தச் சிரமம் இல்லை. மின்சாரத்தில் ஓடும் அவற்றின் இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை உள்ளது. ஓட்டுநர் இறங்கி மறுமுனைக்கு நடந்து போனால் வண்டி திரும்பத் தயார். கார்டு என்ற பழைய பதவிப் பெயர் 2022 முதல் டிரெயின் மேனேஜர் ஆகிவிட்டது. வேலை அதேதான்.

தொலைதூர வண்டிகளுக்கு வேறு தேவைகள். பல மணி நேரம் நின்று பெட்டிகளைக் கழுவ வேண்டும், நீர் நிரப்ப வேண்டும், பிரேக்கைச் சோதிக்க வேண்டும். அதுவரை ஒரு தடம் அடைபட்டிருக்கும். "இங்கிருந்து இன்னொரு வண்டி விடுங்கள்" என்று கேட்கும்போது, பயணிகள் இருந்தால் மட்டும் போதாது, வண்டி நிற்க இடமும் வேண்டும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அகலப்பாதைக்குப் பின்

1990-களின் இறுதியில் சென்னையிலிருந்து விழுப்புரம் வரை அகலப்பாதை வந்துவிட்டது. புதுச்சேரிக் கிளை மட்டும் மேலும் சில ஆண்டுகள் மீட்டர் பாதையாகவே இருந்தது. அகலப்பாதையின் தண்டவாள இடைவெளி 1,676 மில்லிமீட்டர். மீட்டர் பாதைப் பெட்டி அதில் ஓடாது, அகலப்பாதைப் பெட்டி இதில் ஓடாது. சின்னத் தொலைவுதான், ஆனாலும் மூட்டை முடிச்சுடன் விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாற வேண்டிய நிலை. சென்னைக்குப் போகும் புதுச்சேரிக்காரர்கள் பேருந்துக்குப் பழகியது இக்காலத்தில் இன்னும் உறுதிப்பட்டது. ஒருமுறை மாறிய பழக்கத்தை ரயில் முழுவதும் மீட்டெடுக்கவில்லை.

2004-இல் பாதை மாறியதும் புதுச்சேரிக்கு முதல்முறையாக நாட்டின் மற்ற பகுதிகளுக்கு நேரடி வண்டிகள் சாத்தியமாயின. இன்று விழுப்புரம், சென்னை எழும்பூர், திருப்பதி ஆகிய ஊர்களுக்கான வண்டிகளோடு, புதுடில்லி, ஹவுரா, புவனேசுவரம், கன்னியாகுமரி, மங்களூர் ஆகிய ஊர்களுக்கு வார வண்டிகளும், மும்பை தாதருக்கு வாரத்தில் மூன்று நாள் சாளுக்கியா விரைவு வண்டியும் உள்ளன. நேரமும் நாளும் மாறக்கூடியவை என்பதால் இங்கே தரப்படவில்லை.

வார வண்டி என்பது பட்டியலில் பார்க்க நன்றாக இருக்கும். ஜிப்மருக்கு வெளிமாநிலத்திலிருந்து சிகிச்சைக்கு வருபவருக்கோ, பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவருக்கோ, வாரத்தில் ஒரே நாள் ஓடும் வண்டி அவர் போக வேண்டிய நாளில் ஓடினால்தான் பயன். இல்லையென்றால் அவர் சென்னைக்குப் பேருந்தில் போய் அங்கே ரயில் ஏறுகிறார். உண்மையான பயன் அன்றாடம் ஓடும் உள்ளூர் வண்டிகளில்தான் இருக்கிறது. விழுப்புரத்துக்கு வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறவர்கள், காய்கறிக் கூடையுடன் வருகிற பெண்கள், வில்லியனூர் லூர்து மாதா திருவிழாவுக்கும் திருக்காமீசுவரர் கோயில் தேருக்கும் போகிறவர்கள், சின்னபாபுசமுத்திரம் படே சாகிப் சமாதிக்குப் போகிறவர்கள் என்று இந்த வண்டிகளின் கூட்டம் மதம் பார்க்காத கூட்டம்.

ஒரே வாசல்

புதுச்சேரியிலிருந்து ரயிலில் எங்கே போனாலும் முதலில் விழுப்புரம் போக வேண்டும். இதன் விளைவைத் தூரக் கணக்கில் பார்ப்போம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை சுமார் 150 கிலோமீட்டர். ரயிலில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். கடலூருக்குச் சாலையில் சுமார் 22 கிலோமீட்டர். ரயிலில் விழுப்புரம் சுற்றிப் போனால் 80 கிலோமீட்டருக்கு மேல். ஆகையால் கடலூருக்கு ரயிலில் போக யாரும் நினைப்பதே இல்லை.

புதுச்சேரி ஆட்சிப்பகுதியின் மற்ற மூன்று பகுதிகளையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். காரைக்காலுக்கு 1898-இல் பேரளத்திலிருந்து ஒரு கிளைப்பாதை வந்தது. 1980-களில் அது மூடப்பட்டுத் தண்டவாளங்கள் அகற்றப்பட்டன. பின்னர் 2011-இல் நாகூர் வழியாக ரயில் திரும்பவும் காரைக்காலுக்கு வந்தது. பேரளம் பாதையும் அண்மையில் அகலப்பாதையாகத் திரும்பப் போடப்பட்டுள்ளது. மாஹே என்ற பெயரில் நிலையம் உண்டு, ஆனால் அது கேரள மண்ணில் அழியூரில் இருக்கிறது. மங்களூர் செல்லும் புதுச்சேரி வண்டி அவ்வழியேதான் போகிறது. ஏனாமுக்கு ரயில் இல்லை.

புதுச்சேரியைக் கடற்கரை வழியாகச் சென்னையோடும் கடலூரோடும் இணைக்கும் பாதை பழைய கோரிக்கை. மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகச் சென்னை–கடலூர் புதிய பாதைக்கு 2008–09 ரயில்வே நிதிநிலை அறிக்கையில் ஒப்புதல் கிடைத்தது. நீளம் ஏறத்தாழ 180 கிலோமீட்டர். பிறகு ஆண்டுதோறும் பெயரளவுக்குச் சிறு தொகை ஒதுக்கப்பட்டு வந்ததே தவிரப் பாதை போடப்படவில்லை. சாலைக்கும் கடலுக்கும் இடையே நிலம் விலை ஏறிக்கொண்டே போகிறது. ஒவ்வோர் ஆண்டுத் தாமதமும் நிலம் எடுப்பதை இன்னும் கடினமாக்குகிறது. இந்தப் பாதை வந்தால் புதுச்சேரி முனைய நிலையமாக இல்லாமல் வழி நிலையமாக மாறும். 19-ஆம் நூற்றாண்டில் சுற்றிப்போன வளைவு நேராகும்.

ஊருக்குள் ரயில் பாதை தரும் தொல்லையும் உண்டு. கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. ஆலை அருகே உள்ள ரயில்வே கேட்டைத் தெரியாத புதுச்சேரிக்காரர் இல்லை. கேட் மூடினால் இரு பக்கமும் வண்டிகள் வெகுதூரம் நிற்கும். நூறடிச் சாலையிலும் அரும்பார்த்தபுரத்திலும் மேம்பாலங்கள் வந்துவிட்டன. கடலூர் சாலையில் கேட்டைக் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது. அதிக ரயில் வேண்டும் என்று கேட்பவர்களும் கேட் அடிக்கடி மூடுகிறதே என்று சலிப்பவர்களும் ஒரே ஆட்கள்தான். மேம்பாலமோ சுரங்கப்பாதையோ இல்லாமல் வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால், ஒவ்வொரு வண்டிக்கும் அந்தச் சாலை ஒருமுறை நிற்கும். கடலூர் பக்கத்திலிருந்து நகர மருத்துவமனைகளுக்கு வரும் ஆம்புலன்சுகளும் அந்தச் சாலையில்தான் வருகின்றன.